பத்துக் கிராம் விதையின் பின்பக்கம்

கடந்த கார்த்திகையில் ஒருநாள் காலை, மிளகாய்க்கு நாற்றுமேடை போடுவதற்காக விதை வாங்கப் புறப்பட்ட சின்னையாவை, யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலுள்ள ஒரு விவசாய மருந்துக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். நகைக்கடையில் அடுக்கியிருப்பதுபோலக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த பொதிகளில் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டினார். உள்ளங்கையளவு வெள்ளித்தாள் பொதி. முன்பக்கத்தில், நீண்டு மினுங்கி ஒன்றைப்போல் ஒன்றாக இருக்கும் பச்சை மிளகாய்களின் படம். மூலையில் 10 கிராம் என்ற எழுத்து. சின்னையா அதைத் திருப்பினார். பின்பக்கம் முழுவதும் எறும்பு ஊர்ந்ததுபோல ஆங்கிலம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். "தம்பி, நீ பள்ளிக்கூடத்திலை இங்கிலீசுதானே படிப்பிக்கிறாய். உதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்கா வாசி." இப்படியான பொதிகளை அவர் பதினைந்து வருடங்களாக வாங்கி வருகிறார். ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

வாசித்தேன். விதை நஞ்சூட்டப்பட்டிருக்கிறது, ஆகையால் உண்ணவோ கால்நடைக்குப் போடவோ கூடாது. விளைச்சல் மண்ணையும் காலநிலையையும் பராமரிப்பையும் பொறுத்தது, ஆகையால் கம்பனி அதற்கு உத்தரவாதம் தராது. இந்தப் பயிரிலிருந்து மறுபடி விதை எடுக்கக் கூடாது. என்ன நேர்ந்தாலும் கம்பனியின் பொறுப்பு, விதைக்குக் கொடுத்த விலையைத் தாண்டாது. கடைசி வரியைச் சின்னையா இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அப்ப ஆறு மாசத்து இறைப்புக்கும் பசளைக்கும் ஆள்கூலிக்கும் ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டு, "அண்ணை, அது எல்லாப் பொதியிலையும் போடுறதுதான். ஒருத்தரும் உதை வாசிக்கிறேல்லை" என்றார். சின்னையாவும் சிரித்தார். சிரித்தபடியே இரண்டு பொதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டு வந்து ஏறினார்.

அவர் வாங்கிய விதந்தான் எனக்குள் பல மாதங்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பெருங் கம்பனிகள் ஏழை விவசாயிகளை ஏமாற்றுகின்றன என்று நாங்கள் எல்லோரும் எழுதியும் பேசியும் வருகிறோம். ஏமாறுபவர் விசயம் தெரியாதவராக இருக்க வேண்டும். இங்கோ, பின்பக்கத்தில் உள்ளதைத் தமிழில் கேட்டு, அதன் அநியாயத்தை ஒரே கேள்வியில் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் ஒருவர் காசை எண்ணிக் கொடுக்கிறார். அவரிடம் இருப்பது பன்னிரண்டு பரப்புச் செம்மண், ஒரு பங்குக் கிணறு, ஐம்பது வருட அனுபவம். அவருக்குத் தெரியாத ஒன்றை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டியிருந்தது.

ஏன் அந்த விதை என்று வீட்டுக்கு வந்தபின் கேட்டேன். சந்தைக்காரர் கேட்பது அதைத்தான் என்றார். தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் லொறியில் போகும் காய் வாடக்கூடாது, நீளமாக இருக்க வேண்டும், மினுங்க வேண்டும். ஊர் மிளகாய் கட்டை. உறைப்பு கண்ணில் நீர் வரவைக்கும். பிடுங்கி இரண்டாம் நாள் தோல் சுருங்கிவிடும். பொதி விதையில் ஒரு கன்று தரும் காயில் பாதியைக்கூட அது தராது. இவை எல்லாம் உண்மை. இப்படி இரண்டு வழிகளைக் கலந்து பெறும் ஒட்டு விதையைப் பொய் என்று சொல்பவர்கள் மிளகாய் நட்டுப் பார்க்காதவர்கள்.

அப்பாச்சியின் போத்தல்

எங்கள் அப்பாச்சி உயிரோடு இருந்த காலத்தில் மிளகாய் விதை வாங்குவது என்ற பேச்சே வீட்டில் இருந்ததில்லை. இரண்டாம் ஆய்ச்சலின்போது, அதாவது இரண்டாம் முறை காய் பிடுங்கும்போது, தோட்டத்தின் நடுப்பகுதியில், இலை சுருளாமல் நிமிர்ந்து நிற்கும் கன்றுகளாகப் பார்த்து ஏழெட்டில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுவார். அந்தக் கன்றுகளில் ஒருவரும் காய் பிடுங்கக்கூடாது. கன்றிலேயே பழுத்துச் சிவந்த பழங்களைப் பாயில் காயவைத்து, விதையை உதிர்த்து, சாம்பலில் பிரட்டி, ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் இட்டு அடுப்படிப் பறணில் வைப்பார். அதே பறணுக்கு மேலே, கூரை மரத்தில், விதை வெங்காயம் பிடி பிடியாகத் தொங்கும். 'வேதாளன்' என்ற எங்கள் சின்ன வெங்காயம் குமிழை நட்டே பயிராவது என்பதால், அடுத்த போகத்துக்கான முதல் அங்கே, சமையற் புகை பட்டபடி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது.

பொதி விதையிலிருந்து மறுபடி விதை எடுக்கக்கூடாது என்று கம்பனி எழுதுவது, உண்மையில் எழுதத் தேவையில்லாத ஒன்று. இரண்டு தனித்தனி வழிகளைப் பல தலைமுறைகளுக்குத் தூய்மையாக வளர்த்துவந்து, கடைசியில் ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் சேர்த்துப் பெறுவதுதான் எஃப் 1 எனப்படும் முதற் தலைமுறை. அந்தத் தலைமுறை மட்டுமே படத்தில் உள்ளதுபோல் ஒரே சீராக இருக்கும். அதன் பிள்ளைகள் பாட்டன் பாட்டியின் குணங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு பிறக்கும். சின்னையா ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறார். அடுத்த வருடம் ஒரே பாத்தியில் நெட்டை, குட்டை, வானம் பார்த்தது, நிலம் பார்த்தது என்று ஏழு சாதிக் காய். சந்தையில் அதைத் தரம் பிரிக்கவே ஒரு ஆள் தேவைப்பட்டது. பூட்டு விதைக்குள்ளேயே இருக்கும்போது சட்டம் வெளிக்காவலுக்கு மட்டுந்தான்.

எல்லாப் பயிருக்கும் இந்தக் கணக்கைப் போட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோவாவும் கரட்டும் பீற்றூட்டும் நீண்ட குளிர் பட்டாலொழியப் பூப்பதில்லை. யாழ்ப்பாணத்து வெக்கையில் அவற்றின் விதையை எந்த அப்பாச்சியாலும் எடுத்திருக்க முடியாது. அவை நாங்கள் இழந்த விதைகள் அல்ல, என்றும் எங்களிடம் இல்லாத விதைகள். ஆனால் மிளகாயும் கத்தரியும் பாகலும் புடலும் பூசணியும் அப்படியானவை அல்ல. இவற்றின் போத்தல்கள் எங்கள் கண்முன்னால்தான் ஒவ்வொன்றாக வெறுமையாகின.

கோடு எங்கே இருக்கிறது

இனி, அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். கார்த்திகை முடிவதற்குள் நாற்று முளைத்துவிட்டது. மார்கழியில் ஒருநாள் பின்னேரம், இறைப்பு மிஷினை நிறுத்திவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்தபடி, சின்னையா தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார். "கம்பனி தன்ரை நட்டத்துக்கு ஒரு கோடு கீறி வைச்சிருக்கு, தம்பி. விதை விலை. அதுக்கு அங்காலை அவன் வரமாட்டான்." பிறகு விரலை மடக்கிக்கொண்டே மற்றவர்களையும் எண்ணினார். கடைக்காரர் மருந்தையும் பசளையையும் கடனுக்குத் தருவார். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கொப்பியில் எழுதியது எழுதியதுதான். சின்னம்மாவின் தாலிக்கொடி வங்கியில் அடைவில் இருக்கிறது. வட்டி மழையைப் பார்த்து நிற்பதில்லை. லொறிக்காரருக்கு மூடைக் கணக்கில் கூலி. சந்தையில் வாங்குபவர் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிவென்று முதலிலேயே தள்ளிவிட்டுத் தொண்ணூறுக்குக் காசு தருவார். நிறுத்தச் சொல்லி எத்தனையோ முறை அறிவித்தல் வந்தும் அந்தக் கழிவு ஏதோ ஒரு பெயரில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொருவரும் தம் நட்டம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கோடு கீறிக்கொண்டிருக்கிறார்கள். மடக்குவதற்கு ஒரு விரல் மிஞ்சியிருந்தது. அதை அவர் மடக்கவில்லை.

அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு உலக உணவு வியாபாரத்தைப் பற்றி நான் படித்தவை எல்லாம் வேறு விதமாகத் தெரியத் தொடங்கின. 2017இல் சீன அரசின் நிறுவனமான கெம்சைனா, சுவிற்சர்லாந்தின் விதை, மருந்துக் கம்பனியான சின்ஜென்ராவை 4,300 கோடி டொலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் டவ்வும் டூபொன்ரும் ஒன்றாயின. அவற்றின் விவசாயப் பிரிவு 2019இல் கோர்ட்டேவா என்ற தனி நிறுவனமாக வெளிவந்தது. 2018இல் ஜேர்மனியின் பேயர், மொன்சான்ரோவை 6,300 கோடி டொலருக்கு வாங்கியது. அந்த வியாபாரத்தில் போட்டி குறையக்கூடாது என்பதற்காக பேயர் விற்க நேர்ந்த விதைப் பிரிவுகளை வாங்கியதும் இன்னொரு பூதமான பாஸ்ஃப். இன்று உலகில் விற்பனையாகும் விதையில் ஏறத்தாழப் பாதியும், கிருமிநாசினியில் பாதிக்கு மேலும் சின்ஜென்ரா, கோர்ட்டேவா, பேயர், பாஸ்ஃப் என்ற இந்த நால்வர் கையில். விதையை விற்பவரே மருந்தையும் விற்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் பயிர் நோய்ப்பட்டால் மறுபக்கத்தில் வியாபாரம் நடக்கும். சுன்னாகத்துக் கடையில் ஒரே கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் இருப்பதும் அதே ஏற்பாடுதான்.

தானிய வியாபாரமும் இப்படித்தான். காலையில் தோட்டத்துக்குச் சின்னம்மா கொடுத்தனுப்பும் சம்பலோடு இருக்கும் பாண், இந்தத் தீவில் விளையாத கோதுமையால் ஆனது. உலகத் தானிய வியாபாரத்தின் பெரும்பகுதியை நீண்டகாலமாகக் கையில் வைத்திருக்கும் நான்கு நிறுவனங்களில், பங்கே (Bunge) 1818இலும் லூயி ட்ரேபஸ் 1851இலும் கார்கில் 1865இலும் ஏடிஎம் எனப்படும் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் 1902இலும் தொடங்கியவை. விலை ஏறினாலும் இறங்கினாலும் தம்மைத் தாக்காதபடி, பின்னால் வரும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சிக்காகோ போன்ற முன்பேரச் சந்தைகளில் எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஒப்பந்தத்தை எழுதிவைப்பது அவர்களின் அன்றாட வேலை. அதுவும் ஒரு கோடுதான். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்து, நாங்கள் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். அதற்கு அடுத்த மாதம் முடிந்த நிதியாண்டில் கார்கிலின் வருமானம் 16,500 கோடி டொலர், அதுவரை அந்த நிறுவனம் கண்டிராத தொகை. இவற்றுக்கிடையே நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே புயலில் எந்த வீட்டுக் கூரை பறந்தது, எந்த வீட்டில் விளக்கு எரிந்தது என்று பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

சட்டத்தின் வழியாகவும் கோடு கீறப்படும். 2019இல் குஜராத்தில், பெப்சிக்கோ தன் வறுவலுக்கென்று பதிவு செய்திருந்த எஃப்.சி. 5 என்ற உருளைக்கிழங்கு இனத்தைப் பயிரிட்டதாக நான்கு சிறு விவசாயிகள்மீது ஆளுக்கு ஒரு கோடி ரூபாவுக்கு மேல் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த மாதமே வழக்குகளைத் திரும்பப் பெற்றது. விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் உரிமையுண்டு என்று இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால்தான் அந்த எதிர்ப்புக்கு ஒரு பிடி இருந்தது. 2021இல் அந்த இனத்தின் பதிவு ரத்துச் செய்யப்பட்டு, 2024இல் டில்லி உயர் நீதிமன்றத்தால் அந்த ரத்து நீக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பிடி எவ்வளவு வழுக்கலானது என்பது விளங்கும். சின்னையாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவர் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஒரு கோடிக்கு அந்தாளிட்டை எத்தினை பரப்பு இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

மிளகாயால் கட்டிய வீடு

யாழ்ப்பாணத்து விவசாயி எப்போதுமே அடிபட்டவர் என்று எழுதினால் அது பொய். நான் பிறந்த கல்வீடு மிளகாய்க் காசில் கட்டியது. 1970இல் வந்த ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசு வெளிநாட்டுச் செலாவணி இல்லாமல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது, தெற்கில் பாணுக்கு வரிசை நின்றது. இங்கே செத்தல் மிளகாய் தங்கமாயிற்று. படித்த பிள்ளைகள் மண்வெட்டி எடுத்ததும் அந்தக் காலத்தில்தான். 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் இந்தியச் செத்தல் கப்பலில் வந்து இறங்கியது. அப்போது அப்புவிடம் வீட்டுக்குள் நிறைய மூடைகள் இருந்தனவாம். விலை வரும் வரும் என்று வைத்திருந்து, கடைசியில் நிறம் வெளிறிப்போனதைக் கேட்ட விலைக்குக் கொடுத்தாராம். எங்கள் வீட்டின் முன் விறாந்தைக்கு இன்றுவரை சீமெந்து பூசப்படாதது அதனால்தான்.

பிறகு போர் வந்தது. 1990இன் பின்னான பொருளாதாரத் தடையில் யூரியா இல்லை, கிருமிநாசினி இல்லை, மண்ணெண்ணெய் கிடைத்தால் அதிசயம். மிஷினை மூடிவைத்துவிட்டுப் பழைய துலாவில் மறுபடி ஏறினார்கள். பூவரசங்குழையும் பனையோலையும் வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தினார்கள், ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். அதைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. அது பசியும் குண்டும் இருந்த காலம். ஆனால் விதைக்காக ஒருவரும் கையேந்தவில்லை. போத்தலும் கூரையில் தொங்கிய பிடிகளும் இருந்தன. குண்டு விழுந்து ஒரு போகம் முழுவதும் அழிந்தாலும், நட்டம் அந்தப் போகத்தோடு நின்றது. சின்னையா சொன்ன கோடு அவருடைய பக்கத்திலும் ஒருகாலம் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதை யாரும் காகிதத்தில் எழுதவில்லை. அடுப்படிப் பறணில் வைத்திருந்தார்கள்.

அப்படியென்றால் பழையதற்கே திரும்பிவிடலாமே என்று சொல்பவர்களுக்கு 2021 போதுமான பதில். இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இனி நாட்டுக்குள் வராது என்று அரசு ஏப்ரலில் முடிவெடுத்து, மே மாதத்தில் வர்த்தமானியில் போட்டு, விளைச்சல் விழுந்து ஊரெல்லாம் கொதித்தபின் நவம்பரில் கைவிட்டது. ஆற்றில்லாத இந்தக் குடாநாட்டில், சுண்ணக்கல்லின் ஊடாக யூரியா இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறியிருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், குறைக்கத்தான் வேண்டும். ஆனால் பல வருடங்களாகப் பொதி விதைக்கும் மூடைப் பசளைக்கும் பழகிய மண்ணிடம் ஒரு போகத்துக்குள் அதை எல்லாம் மறந்துவிடு என்று சொல்ல முடியாது. ஒட்டு மிளகாய் பசளையைத் தின்றுதான் அவ்வளவு காய்க்கும். தடைக்காலத்தில் தாங்கிய பயிர் வேறு, 2021இல் தோட்டத்தில் நின்ற பயிர் வேறு. அந்த வேறுபாட்டைக் கொழும்பில் முடிவெடுத்தவர்கள் ஒரு கமக்காரனிடமும் கேட்டறியவில்லை. அந்த நட்டமும் கோடில்லாத இடத்துக்கே வந்து சேர்ந்தது.

கடந்த போகத்து முடிவையும் சொல்லிவிடுகிறேன். தையில் நட்டது நன்றாகவே வந்தது. படத்தில் இருந்த அதே நீளம், அதே மினுக்கம். முதல் இரண்டு ஆய்ச்சலுக்கும் நல்ல விலை. மூன்றாவதில் எல்லோருடைய காயும் ஒன்றாகச் சந்தைக்கு வர, விலை பிடுங்கும் கூலிக்கும் போதாமற் போயிற்று. கடைக் கொப்பி தீர்ந்தது. அடைவு பாதி மீண்டது. வெங்காயந்தான் கைகொடுத்தது என்றார். வெங்காய விலையும் எங்கள் கையில் இல்லை. 2023 டிசம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே எங்கள் சின்ன வெங்காயத்தைத் தேடி வந்து வாங்கினார்கள், மறுபடி திறந்ததும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் விற்காத வெங்காயத்தை நடலாம். விற்காத ஒட்டு மிளகாயை மாட்டுக்குத்தான் போடலாம்.

ஆனியில் ஒருநாள் போனபோது, தோட்டத்து மூலையில், வாழைக்குப் பக்கத்தில், ஒற்றைப் பாத்தியில் கட்டை மிளகாய் நிற்பதைப் பார்த்தேன். மூன்று கன்றில் சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. அச்சுவேலியில் ஒரு உறவுக்காரக் கிழவியிடம் கொஞ்சம் விதை இருந்ததாகவும், வீட்டுக் குழம்புக்கென்று நட்டதாகவும் சொன்னார். பெரிதாக வேறொன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பறணைப் பார்த்தேன். போத்தல் இல்லை. கார்த்திகையில் வாங்கிய அந்த வெள்ளித்தாள் பொதிதான் இருந்தது, வாயை இரண்டாக மடித்து, உடுப்புக் காயப்போடும் கிளிப் போட்டு. எடுத்து ஆட்டினேன், உள்ளே சாம்பலோடு விதை சலசலத்தது.

"நல்ல பை தம்பி," என்றார் சின்னையா. "காத்துப் போகாது."